மக்னார் மூன்று போட்ட ஆல்பம்

மக்னார் எங்கள் நகராட்சியில் புகைபோக்கி சுத்தம் செய்கிறவன். வாரத்தில் ஐந்து நாள் யாராவது ஒருவர் வீட்டுக் கூரைமேல் இருப்பான். சனிக்கிழமை மட்டும் எங்கள் பத்திரிகையின் இருபத்தாறாம் பக்கத்தில், கீழ்ப்பாதியில் இருப்பான். அந்தப் பக்கத்தைக் கட்டுகிறவள் நான். பெயர் ஹெர்டிஸ். இருபத்தோரு வருஷமாக அவன் எழுதுவதை முதலில் படிக்கிற ஆள் நான்தான். சில வாரங்களில் கடைசி ஆளும் நானேதானோ என்று சந்தேகப்பட்டிருக்கிறேன்.

அவன் எழுதுவது புதிதாக வந்த ஆல்பங்களைப் பற்றி. ஊரே முணுமுணுக்கிற பாடகர்களுடையது அல்ல. அதற்கு மேல்பாதியில் வேறு ஆள் உண்டு. மக்னாருக்கு வருவதெல்லாம் சொந்தச் செலவில் நூறு பிரதி, இருநூறு பிரதி போட்டுக்கொள்கிறவர்களின் ஆல்பங்கள். கேஸட்டில் வரும், கனமான கறுப்பு இசைத்தட்டில் வரும், ஒருமுறை கம்பளி உறைக்குள் வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். உள்ளே இருப்பது இசையா இரைச்சலா என்று கேட்டால் அவனுக்குக் கோபம் வரும். "சமைச்சிருக்கா, வேகலையான்னு கேளு. காயா மீனான்னு கேக்காதே" என்பான்.

பெர்கனில் இரண்டு பேர் மீன் குளிரூட்டும் பெட்டியோடு சேர்ந்து நாற்பது நிமிடம் வாசித்த ஆல்பத்துக்கு அவன் எழுதியது இவ்வளவுதான்: "பெட்டி நன்றாக வாசிக்கிறது. கூட இருக்கிற இருவரும்தான் அதைத் தொந்தரவு செய்கிறார்கள்." டென்மார்க்கில் காலியான தானியக் கோபுரத்துக்குள் நின்று பாடிய ஒரு பெண்ணைப் பற்றி: "இவருக்குத் தன் குரலைவிட எதிரொலிமேல் நம்பிக்கை அதிகம். பதினெட்டாவது நிமிடத்தில் யாரோ கோபுரத்தின் கதவைத் திறக்க, எதிரொலி போய்விடுகிறது. அப்போதுதான் தெரிகிறது, எவ்வளவு நல்ல குரல். கதவைத் திறந்தவரின் பெயரை உறையில் போட்டிருக்க வேண்டும்." இப்படித்தான் எழுதுவான். புகழும்போதும் திட்டும்போதும் அதே குரல், கூரை ஓட்டில் விரிசல் இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்கிற குரல்.

விமர்சனத்தின் முடிவில் ஒரு பகடை போட வேண்டும். எங்கள் நாட்டில் எந்தப் பத்திரிகையிலும் அதுதான் வழக்கம். சினிமாவோ நாவலோ உறைந்த பீட்சாவோ, எதை எடுத்தாலும் ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு பகடை முகம். எழுத்தைப் படிக்காதவர்களும் பகடையைப் பார்ப்பார்கள். ஒரு ஆல்பத்துக்காக நாலு வருஷம் உழைத்தவர்கள் அந்தப் புள்ளிகளைத்தான் முதலில் எண்ணுவார்கள்.

மக்னார் ஒவ்வொரு ஆல்பத்தையும் மூன்று முறை கேட்பான். ஒருமுறை வீட்டில் சோபாவில். ஒருமுறை ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றி நடந்தபடி. மூன்றாவது முறை கூரைமேல், ஒரு காதில் மட்டும். காற்று அடிக்கும்போதும் நிற்கிறதா பார்க்க வேண்டுமாம். குறிப்பெல்லாம் மதியச் சாப்பாட்டு ரொட்டியைச் சுற்றிவருகிற எண்ணெய்த் தாளில் எழுதுவான். எனக்கு மின்னஞ்சலில் வருவது அதன் நகல். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடும். இருபத்தோரு வருஷத்தில் ஒருமுறை தாமதமானது, அன்றைக்கு அவன் அப்பாவின் அடக்கம்.

இரக்கம் என்பது அவன் அகராதியில் கிடையாது. அவன் சித்தப்பா மகன் இரண்டு கித்தார்களை வைத்துக்கொண்டு செய்த ஓர் ஆல்பத்துக்கு இரண்டு போட்டான். "இரண்டு கித்தார், இரண்டு புள்ளி. யாருக்கும் அநியாயம் செய்யவில்லை" என்று முடித்திருந்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் யாரும் இவனுக்கு உருளைக்கிழங்கைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

இப்போது ராக்னா. நகராட்சி நீச்சல் குளத்தின் பம்பு அறையைப் பார்த்துக்கொள்கிறவள். குளோரின் அளப்பாள், வடிகட்டி கழுவுவாள், யாராவது தண்ணீரில் தவறு செய்துவிட்டால் குளத்தை மூடுவாள். ஐம்பது வயது. ஒரு பழைய மரவீட்டில் தனியாக இருக்கிறாள். 2006இல் அந்தப் பம்புகளுக்குள் மைக்குகளை வைத்துப் பதிவு செய்து, மேலே ஒரு கை ஆர்மோனியத்தை மெதுவாக இழுத்து, 'பம்பு அறை' என்று ஓர் ஆல்பம் போட்டாள். எங்கள் ஊரிலிருந்து அந்த வகையில் வந்த முதல் ஆல்பம் அது. மக்னார் எழுதினான்: "தண்ணீர் நிறைய இருக்கிறது. ஆழம் இல்லை." பகடை மூன்று.

அதற்குப்பின் ஏழு வருஷம் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. 2013இல் இரண்டாவது, அதற்கும் மூன்று. 2019இல் மூன்றாவது, நான்கு. நான்கு வந்த சனிக்கிழமை நான் அவளைக் கடையில் பார்த்தேன். "பெரிய ஆளாயிட்டே" என்றேன். "அவன் நாலு போட்டான்னா நாலுதான்" என்றாள். சந்தோஷமா வருத்தமா என்று தெரியாத முகம். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த முகம்தான், ஆகையால் நான் மேலே கேட்கவில்லை.

இந்த வருஷம் மார்ச்சில் நான்காவது ஆல்பம் வந்தது. பெயர் 'புகைவழி'. ஒரு குளிர்காலம் முழுக்கத் தன் வீட்டு அடுப்புக்குள் மைக்கை வைத்து, புகைபோக்கி வழியாகக் காற்று இறங்குவதைப் பதிவு செய்திருக்கிறாள். ஒரு மைக் கரி மூடிச் செத்தே போனதாம். இதுவே தன் கடைசி ஆல்பம் என்று உறையில் சின்ன எழுத்தில் போட்டிருந்தாள். நூற்றைம்பது பிரதி. ஒன்று மக்னாருக்குப் போனது. வேறு எந்தப் பத்திரிகைக்கும் அவள் அனுப்பவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

வியாழக்கிழமை பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. ஒரே வரி. "ராக்னாவின் 'புகைவழி' ஆல்பத்தைப் பொறுத்தவரை இந்த விமர்சகர் இன்ஹாபில்."

அந்த வார்த்தை எங்கள் நாட்டின் தேசிய வியாதி. ஒரு விஷயத்தில் நமக்கு ஒட்டுறவு இருந்தால் அதைப் பற்றி நாம் முடிவு சொல்லக் கூடாது. "நான் இன்ஹாபில்" என்று சொல்லி எழுந்து போய்விட வேண்டும். மீன்வளக் குழுவிலிருந்து பள்ளிக்கூட வாத்தியக் குழு வரை கூட்டம் ஆரம்பித்ததும் பாதிப்பேர் இன்ஹாபில் ஆகி நடைபாதையில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். மக்னாரின் வேலையிலும் உண்டு. அண்ணன் வீட்டு அடுப்பை அவன் பரிசோதிக்க முடியாது, படிவம் நிரப்பி இன்னொரு ஆளை அனுப்ப வேண்டும். ஆனால் இருபத்தோரு வருஷத்தில் இருபத்தாறாம் பக்கத்தில் அந்த வார்த்தை வந்ததே இல்லை.

ஃபோன் போட்டேன்.

"மக்னார், மெயில் பாதியில அறுந்துடுச்சு போல."

"அறுகல. அவ்வளவுதான்."

"இது விமர்சனமா, தந்தியா?"

"இன்ஹாபில்னா இன்ஹாபில். அதுக்கு மேல ஒரு வார்த்தை எழுதினாலும் அது கருத்தாயிடும்."

"உன் சித்தப்பா பையனுக்கு ரெண்டு போட்டியே, அப்ப இந்த சுத்தபத்தம் எங்க போச்சு?"

ஃபோனில் காற்றுச் சத்தம் பலமாக இருந்தது. கூரையில் இருந்தான்.

"அவன் சொந்தக்காரன் மட்டும்தானே" என்று வைத்துவிட்டான்.

நான் பத்திரிகைக்காரி. அரைப் பக்கத்தைக் காலியாக விட முடியாது. ஆல்பத்தின் படத்தைப் பெரிசாகப் போட்டு, கீழே அந்த ஒரு வரியைப் போட்டு, பகடை இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியே இல்லாத வெள்ளைச் சதுரத்தை வைத்தேன். நேர்த்தியாகத்தான் இருந்தது. அதில் ஒரு குறும்பு இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மக்னாரின் விமர்சனத்துக்கு இணையத்தில் வழக்கமாக இரண்டு பேர் பதில் போடுவார்கள், அதில் ஒருவன் சித்தப்பா மகன். அன்றைக்கு நூற்று நாற்பது. மீன் வாங்கப் போன என்னைப் பார்த்து மீன்கடை அர்ன்வித் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"என்ன ஹெர்டிஸ், கல்யாணம் எப்போ?"

"யாருக்கு?"

"கரிக்காரனுக்கும் குளோரின்காரிக்கும். ஒருத்தர் அழுக்காக்க, ஒருத்தர் கழுவ. நல்ல ஜோடி."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அவள் ஒரு குளிர்காலம் முழுக்க உழைத்திருக்கிறாள். அதற்குக் கிடைத்தது ஒரு வெள்ளைக் கட்டமும் ஊர்க் கேலியும். அந்த ஆல்பம் எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ராக்னா அலுவலகத்துக்கு வந்தாள். நீச்சல் குளத்தின் ஆரஞ்சு நிற மேலாடை, ஈரத் தலை. என் மேசைமேல் மடித்த தாள் ஒன்றை விரித்தாள். நிர்வாகச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, யார் யார் இன்ஹாபில் என்கிற பட்டியல்.

"எந்த உட்பிரிவு?" என்றாள்.

"அவனையே கேளேன்."

"ஃபோன எடுக்க மாட்டேங்கிறான். ரெண்டு நாளா. கூரையில இருக்கானாம்."

"ஞாயித்துக்கிழமை எந்தக் கூரை?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

எந்த வாரம் எந்தத் தெருவில் புகைபோக்கி சுத்தம் என்பதை நகராட்சி எங்கள் பத்திரிகையில்தான் அறிவிக்கும். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினோம். இன்லான்டே தீவு, மேல் தெரு. அவள் தனியாகப் போயிருக்கலாம். "நீயும் வா. அந்த வெள்ளைக் கட்டத்த வச்சது நீதானே" என்றாள். மறுக்க வழியில்லை. படகில் ஏறி அக்கரை போனோம். ஐந்து நிமிடப் பயணம். அந்தச் சட்டத் தாளை மட்டும் நனையாமல் மேலாடைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வீட்டுக் கூரையில் நின்றிருந்தான். கம்பித் தூரிகையைப் புகைபோக்கிக்குள் இறக்கிக்கொண்டிருந்தவன் எங்களைப் பார்த்ததும் கையை அப்படியே நிறுத்தினான்.

"மக்னார்!" ராக்னா தெருவிலிருந்தே கத்தினாள். "எந்த உட்பிரிவு?"

"என்னது?"

"உட்பிரிவு! ஒண்ணு, விஷயத்துல நீயே ஒரு கட்சி. ரெண்டு, சொந்தக்காரன். மூணு, கல்யாணம் இல்லேன்னா நிச்சயதார்த்தம். இதுல எது? எனக்குத் தெரியாம எப்ப நடந்துச்சு?"

எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டிலும் ஒன்று.

"கத்தாதே ராக்னா."

"நீ பேப்பர்ல கத்தினே! நான் தெருவுலதான் கத்தறேன்!"

மக்னார் புகைபோக்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். பனியும் மழையும் கலந்து விழ ஆரம்பித்திருந்தது. "முதலாவது!" என்றான். "மூணாவது பாட்டு, பதினோராவது நிமிஷம். அது நான்!"

வீட்டுக்காரக் கிழவர் வாசலுக்கு வந்து என்னிடம் கேட்டார். "என் புகைபோக்கியில ஏதாவது கோளாறா?"

"இல்ல. வேறெங்கயோ" என்றேன்.

அவன் ஏணியில் இறங்கி வந்தான். முகமெல்லாம் கரி. கிழவர் உள்ளே போகவில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது. மக்னார் தணிந்த குரலில் ஆரம்பித்தான்.

"போன அக்டோபர் உன் வீட்டுக்கு வந்தேன், சுத்தம் பண்ண. நீ வேலைக்குப் போயிருந்தே. அடுப்புல மைக் வச்சிருந்தது எனக்குத் தெரியாது. தூரிகை இறங்கற சத்தம் வருது, அப்புறம் ஒரு ஆள் முணுமுணுக்கறான். என் குரல். என்னையே நான் விமர்சனம் பண்ண முடியுமா? அதான் விஷயம்."

"அது நீதான்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் போட்டியா? கேக்காமயே?"

"கேட்டேனே. ஆல்பத்த அனுப்பினேனே, அதுதான் கேள்வி. ஒத்தை வார்த்தையில பதில் எழுதிட்டே." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "நீ முணுமுணுத்தது என்ன பாட்டு?"

மக்னார் கையுறையைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

"நான் சொல்லவா? 'பம்பு அறை', ரெண்டாவது பாட்டு. நாலு நிமிஷம், ஒரு இடம் விடாம. ஆர்மோனியத்துல நான் எங்க சுருதி பிசகினேனோ, அங்க நீயும் பிசகற. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால வந்த பாட்டு. மூணு போட்ட பாட்ட எவனாவது அப்படி மனப்பாடம் பண்ணுவானா? தண்ணி நிறைய இருக்கு, ஆழம் இல்லேன்னியே!"

நான் அந்த இடத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஊர் வாயை அடைக்கிற மாதிரி ஒரு பதிலை அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவனுக்கு எப்போதும் ஒரு வாக்கியம் கையிருப்பில் இருக்கும். அன்றைக்கு இல்லை.

"செவ்வாய்க்கிழமை தோறும் குளத்துக்கு வருவேன்" என்றான். "நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு அளந்துட்டிருப்பே. எனக்கு நீச்சல்னாலே ஆகாது, ராக்னா. உன்னைப் பாக்கத்தான் வந்தேன். அப்ப ஆல்பம் வந்துச்சு. மூணு தடவை கேட்டேன், அப்புறம் முப்பது தடவை. நல்லா இருக்கறதால பிடிக்குதா, உன்னோடதுங்கறதால பிடிக்குதான்னு எனக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியல. ஏமாத்தக் கூடாதுன்னு குறைச்சுப் போட்டேன்."

"ஏமாத்தக் கூடாதுன்னு!"

"ஆமா."

"அப்பவே இன்ஹாபில்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். உனக்கும் தெரிஞ்சிடும்."

"அதுக்கப்புறம் வந்ததுக்கு?"

"அதுக்கும் குறைச்சேன். ஒருத்தருக்கு ஒரு அளவுன்னு வச்சா மாத்தக் கூடாதில்ல."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நியாய உணர்ச்சி தெரிந்தது. எனக்கே அவனை அறையலாம் போலிருந்தது. ராக்னா அறையவில்லை. அவள் குரல் சின்னதாகிவிட்டது.

"ஊர்ல எல்லாரும் சும்மா நல்லா இருக்கு நல்லா இருக்குன்னாங்க. எங்க அக்கா, பல் டாக்டர், குளத்துக்கு வர்ற கிழவிங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? கேக்கத் தெரிஞ்சவன் ஊர்லயே நீ ஒருத்தன்தான்னு நினைச்சேன். அந்த மூணை நம்பினேன், மக்னார். ஏழு வருஷம் மைக்கைத் தொடல. டிரான்ட்ஹைம்ல ஒரு விழாவுக்குக் கூப்பிட்டாங்க. நம்ம லட்சணம் நமக்குத் தெரியும்னு வரலேன்னு எழுதிட்டேன்."

மக்னார் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். "வேண்டாம்" என்றாள் அவள். மன்னிப்பு கேட்கப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

என் பக்கம் திரும்பினாள். "ஹெர்டிஸ், பேப்பர்ல தப்பு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"திருத்தம் போடுவோம்."

"போடு."

அதெல்லாம் தகவல் பிழைக்கு மட்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். பெயரைத் தப்பாக அச்சடித்தால், படகு நேரத்தை மாற்றிப் போட்டால் திருத்தம் வரும். ஒரு விமர்சகனுடைய கருத்தைத் திருத்த முடியாது. முப்பத்திரண்டு வருஷ வேலையில் அப்படி ஒன்று நான் செய்ததில்லை.

"கருத்தைத் திருத்தச் சொல்லல" என்றாள். "அவன் கருத்து ஒண்ணு, அச்சுல வந்தது வேறொண்ணு. அது தப்புத் தகவல்தானே?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பத்திரிகை ஆசிரியருக்கும் அகப்படவில்லை. அன்று மாலை நான் போய்ச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வியாழக்கிழமைக்குள்ள எழுத்து மூலமா வாங்கிடு" என்றார்.

'புகைவழி'க்கு ஒரு விமர்சனமாவது வர வேண்டும் என்பதால், டிரான்ட்ஹைமில் எனக்குத் தெரிந்த ஒரு விமர்சகருக்கு அவசரமாக அனுப்பினேன். புதன்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டார். காற்றைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார். "மூன்றாவது பாட்டில் யாரோ ஓர் ஆள் சுருதி விலகி முணுமுணுக்கிறார். அதை வெட்டியிருக்கலாம்" என்றும் எழுதியிருந்தார். பகடை நான்கு.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மக்னார் வந்தான். மின்னஞ்சல் அனுப்பாமல் நேரிலேயே வந்தான், குளித்துவிட்டு. நான் ராக்னாவையும் வரச் சொல்லியிருந்தேன். அவளைப் பற்றிய செய்தி, அவள் பார்க்காமல் போகக் கூடாது என்பது என் கணக்கு. அவள் முதலில் டிரான்ட்ஹைம்காரரின் விமர்சனத்தைப் படித்தாள். முணுமுணுப்பைப் பற்றிய வரி வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டாள். தாளை மக்னார் பக்கம் தள்ளினாள்.

"சுருதி விலகியாம்."

"உன் சுருதிதானே அது" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

"அதை அவர் எழுதல. உன்னைத்தான் எழுதியிருக்கார்."

பிறகு மக்னார் சட்டைப் பையிலிருந்து எண்ணெய்த் தாளை எடுத்தான். நாலாக மடித்திருந்தது. அதை என்னிடம்தான் கொடுத்தான், அவளிடம் கொடுக்கவில்லை. நான் வாங்கி நடுவில் வைத்தேன். தலைப்பு 'திருத்தம்'. கீழே மூன்று ஆல்பங்கள், ஒவ்வொன்றுக்கும் அச்சில் வந்த எண், அதற்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டிய எண்.

ராக்னா கீழிருந்து மேலாகப் படித்தாள். 2019, நான்கு என்றிருந்தது ஐந்து.

"இது பரவாயில்ல. வாதாடலாம், ஆனா பரவாயில்ல."

2013, மூன்று என்றிருந்தது ஐந்து. அவள் என் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டாள்.

"ஏன்?" என்றான் மக்னார்.

"அது மூணுதான். ஏழு வருஷம் கழிச்சு அவசரத்துல பண்ணினது. ஒரு பக்கம் முழுக்க ஆர்மோனியத்தால மூடி மறைச்சிருக்கேன், பம்பு சரியா பதிவாகாததால. அதுல மட்டும்தான் நீ தப்புப் பண்ணல. இப்ப அஞ்சு போட்டா அதுதான் பொய்."

"ரெண்டாவது பக்கம் நல்லா இருந்துதே."

"மக்னார்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். அந்த இரண்டாவது பக்கத்தை மனசுக்குள் ஓட்டிக் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். என் மேசைக்கு வந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றான். "மூணு."

"அப்பாடா" என்றாள் ராக்னா. அவள் முகத்தில் கோபம் கொஞ்சம் இறங்கியதை அந்த வாரத்தில் அப்போதுதான் பார்த்தேன். அவன் அவளை நம்பவைக்கவோ சமாதானப்படுத்தவோ முயற்சி செய்யாமல், கேட்டுவிட்டுச் சொன்னான். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு முதல் வரிக்கு வந்தாள். 'பம்பு அறை', 2006. அச்சில் வந்தது மூன்று. அவள் பக்கத்து எண்ணைப் பார்த்தாள். தாளைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எண்ணெய்த் தாளில் பென்சில் சரியாகத் தெரியாது.

"ஆறா?"

"ஆறு."

"மத்ததுக்கெல்லாம் ஒண்ணு, ரெண்டுதானே குறைச்சே. இதுல மூணு குறைச்சிருக்கே."

"ரெண்டுதான் குறைக்கணும்னு உக்காந்தேன். ஆறுக்கு நாலுன்னு போட்டாலே நீ கண்டுபிடிச்சிடுவேன்னு தோணுச்சு. பயந்துட்டேன்." அவன் இப்போது அவளை நேராகப் பார்த்தான். "இப்ப எனக்கு நல்லாத் தெரியும். அப்ப தெரியல. உன்னோடதுங்கறதால இல்ல. யார் பண்ணியிருந்தாலும் அது ஆறுதான். இத்தனை வருஷத்துல என் வீட்டுக்கு வந்ததுலயே அதுதான் நல்ல ஆல்பம்."

ராக்னா நாற்காலியில் உட்கார்ந்தாள். தாள் மடியில் கிடந்தது. அழவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. சொன்னாள்:

"அப்ப எனக்கு முப்பத்தொண்ணு வயசு."

மக்னார் தலையாட்டினான். அந்த எண்ணை அவனாலும் என்னாலும் எந்தப் பக்கத்திலும் திருத்த முடியாது.

"போடவா?" என்று கேட்டேன். மடியில் கிடந்த தாளை ராக்னா என் பக்கம் நீட்டினாள். பன்னிரண்டு மணிக்கு அனுப்பினேன்.